திறந்த மூல மென்பொருள்: நம் பிள்ளைகள் எங்கிருந்து தொடங்குவது?

பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளுக்கும் எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்து, ஆனேக்கல், சந்தாபுரா, அத்திப்பள்ளி என்று வீடு பிடித்துக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் கணிசமானோர் இன்று கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறார்கள். வங்கிக் கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு மூன்றாம் ஆண்டு வந்ததும் ஒரே கவலைதான்: கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நல்ல கம்பெனி வருமா? பெயர் பெற்ற கல்லூரிகளுக்கு வரும் கம்பெனிகள் எல்லாக் கல்லூரிகளுக்கும் வருவதில்லை என்பது நாம் அறிந்ததே.

இந்த நிலையில் பிள்ளைகள் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘ஓப்பன் சோர்ஸ்’. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் மகனிடம் அப்பா கேட்கிறார்: “சம்பளம் குடுக்கறாங்களா?” “இல்லப்பா.” “மார்க்கு?” “அதுவும் இல்ல.” “அப்புறம் எதுக்குடா ஊரான் வேலையை நீ சும்மா செய்யற?” நியாயமான கேள்விதான். திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன, அதில் ஒரு மாணவர் எப்படி அடியெடுத்து வைப்பது, அதில் பயன் எது, பொய் எது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சேலையும் டிசைன் அட்டையும்

பட்டுத் தறி ஓடும் ஆனேக்கல் தெருக்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நெய்து முடித்த சேலையை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் பார்டரில் இருக்கும் அன்னத்தை எடுத்துவிட்டு மயிலைப் போட வேண்டுமென்றால் சேலை மட்டும் போதாது. ஜக்கார்டு தறியில் ஏற்றும் துளையிட்ட டிசைன் அட்டை வேண்டும். எந்த இழை எப்போது மேலே தூக்க வேண்டும் என்ற கட்டளையெல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கிறது.

மென்பொருளும் அப்படியே. நாம் பயன்படுத்தும் செயலி நெய்த சேலை. அதை எழுதிய மூல நிரல் டிசைன் அட்டை. பெரும்பாலான வணிக நிறுவனங்கள் சேலையை மட்டும் விற்று, அட்டையைப் பூட்டி வைத்துக்கொள்ளும். திறந்த மூல மென்பொருளில் அட்டையும் சேர்ந்தே கைக்கு வருகிறது. அதைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம்.

அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனு திட்டத்தை அறிவித்து இந்த இயக்கத்துக்கு அடித்தளம் இட்டார். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்றால் இலவசம் என்றும் பொருள், விடுதலை என்றும் பொருள். அவர் சொன்னது விடுதலையை. தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று பெயர் வைத்ததால் நமக்கு அந்தக் குழப்பமே இல்லை. 1991-ல் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதி வந்த இயங்குதளக் கருவை உலகறிய வெளியிட்டார். அதுவே லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் அடியிலும் இருப்பது அதுதான். உலகின் அதிவேகக் கணினிகள் 500-ன் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெறுபவை அனைத்தும் லினக்ஸிலேயே ஓடுகின்றன. ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் 1998-ல்தான் வழக்குக்கு வந்தது.

‘எல்லாருக்கும் பொது’ என்றால் சொந்தக்காரர் இல்லாத சொத்து என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. எழுதியவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை எந்த நிபந்தனையில் பகிர்கிறார் என்பதைச் சொல்வதே உரிமம். ஜி.பி.எல். உரிமம், “மாற்றி வெளியிட்டால் உன் மாற்றத்தையும் இதே போலத் திறந்து கொடு” என்கிறது. எம்.ஐ.டி. உரிமம், “என் பெயரையும் உரிமக் குறிப்பையும் எடுக்காதே, மற்றபடி உன் விருப்பம்” என்கிறது. உரிமம் எதுவும் குறிப்பிடாத நிரல் இணையத்தில் கிடைத்தால் அதை எடுத்தாள நமக்கு அனுமதி இல்லை என்றே கொள்ள வேண்டும். மாணவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

நம் பக்கத்துத் தெருவில் நடப்பவை

இதெல்லாம் வெளிநாட்டு விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். 2001-ல் பெங்களூரில் ‘லினக்ஸ் பெங்களூர்’ என்ற மாநாடு தொடங்கியது. அதுல் சிட்னிஸ் முன்னின்று நடத்திய அம்மாநாடு, 2005-ல் ‘ஃபாஸ் டாட் இன்’ என்று பெயர் மாறி 2012 வரை நடந்தது. சிட்னிஸ் 2013-ல் காலமானார். மென்பொருளைப் பயன்படுத்துவதோடு நின்றுவிடாமல் இந்தியர்கள் அதை உருவாக்குவதிலும் பங்குபெற வேண்டும் என்பதே அவர் ஓயாமல் வற்புறுத்தியது. அண்மைக் காலத்தில் ‘ஃபாஸ் யுனைடெட்’ அமைப்பு பெங்களூரில் நடத்தும் ‘இந்தியாஃபாஸ்’ மாநாடு அந்தப் பணியைத் தொடர்கிறது. கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கம் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி முகாம்கள் நடத்தியிருக்கிறது.

இன்னும் அருகில் ஒன்று உண்டு. ஆனேக்கலிலிருந்து சந்தாபுரா வழியாக ஓசூர் சாலையைப் பிடித்தால் எலக்ட்ரானிக் சிட்டி. பொம்மசந்திராவிலிருந்து என்றால், 2025 ஆகஸ்ட்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோவிலேயே போய்விடலாம். அங்கிருக்கும் ஐ.ஐ.ஐ.டி. பெங்களூர் வளாகத்தில் 2018-ல் ‘மோசிப்’ என்ற திட்டம் பிறந்தது. ஒரு நாடு தன் குடிமக்களுக்கு அடையாள எண் வழங்கத் தேவையான மென்பொருள் முழுவதையும் திறந்த மூலமாக எழுதித் தருவதே அதன் பணி. ஒரே தனியார் நிறுவனத்திடம் ஒரு நாட்டின் குடிமக்கள் பதிவேடு சிக்கிக்கொண்டால், பிறகு அந்த நிறுவனம் சொன்னதே விலை. அந்தப் பிடியிலிருந்து விடுபட நினைத்த பிலிப்பைன்ஸ், மொராக்கோ, எத்தியோப்பியா போன்ற நாடுகள் மோசிப்பைத் தேர்ந்தெடுத்தன. அதன் மூல நிரல் மொசில்லா பொது உரிமத்தின் கீழ் திறந்தே கிடக்கிறது. மணிலாவில் ஒருவருக்கு அடையாள எண் வழங்கும் நிரலை, சந்தாபுராவில் இருக்கும் ஒரு மாணவி தன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

முதல் படி எழுதுவது அன்று, படிப்பது

தொடங்குபவர்கள் பெரும்பாலும், “எந்த மொழி கத்துக்கணும்?” என்று கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, “நான் தினமும் பயன்படுத்தும் மென்பொருளில் எது திறந்த மூலம்?” என்பது. ஃபயர்பாக்ஸ் உலாவி, வி.எல்.சி. பிளேயர், லிபர்ஆபீஸ் எல்லாம் திறந்த மூலமே. தெரியாத வீட்டில் போய் ஓட்டை அடைப்பதைவிட, குடியிருக்கும் வீட்டில் ஒழுகும் இடம் நமக்கே தெரியும் அல்லவா?

இரண்டாம் படி, பிழையைச் சரியாகச் சொல்வது. டாக்டரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்றால் அவரால் என்ன செய்ய முடியும்? “மூணு நாளா சாயங்காலம் ஆனா காய்ச்சல் வருது, காலையில இல்ல” என்றால் வைத்தியம் தொடங்கலாம். பிழை அறிக்கையும் அப்படியே. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்தோம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம், உண்மையில் என்ன நடந்தது என்ற ஐந்தும் இருந்தால் அது நல்ல அறிக்கை. அதை எழுதும் முன், அதே பிழையை வேறொருவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாரா என்று தேடிப் பார்க்க வேண்டும். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் செய்யக்கூடிய இந்த உதவிக்குப் பராமரிப்பாளர்களிடம் பெரிய மதிப்பு உண்டு.

மூன்றாம் படியில்தான் திருத்தம் வருகிறது. இதற்குப் பயன்படும் கருவி ‘கிட்’. லினக்ஸ் நிரலை நிர்வகிக்க 2005-ல் டோர்வால்ட்ஸே எழுதியது அது. யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்ற வரலாறு முழுவதையும் அது வைத்திருக்கும். 2008-ல் வந்த கிட்ஹப், அந்த வரலாற்றை இணையத்தில் வைத்துப் பலர் சேர்ந்து வேலை செய்ய இடம் தருகிறது.

வேலை நடக்கும் முறை இது: திட்டத்தின் முழுப் பிரதி ஒன்றை நம் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். அதில் ஒரு தனிக் கிளை பிரித்து நம் திருத்தத்தைச் செய்கிறோம். செய்ததை ஒரு குறிப்போடு பதிகிறோம், இதுவே கமிட். பிறகு, “என் திருத்தத்தை உங்கள் முதன்மைப் பிரதியில் சேர்த்துக்கொள்ள முடியுமா?” என்று கேட்கிறோம். மாணவர்கள் புல் ரிக்வெஸ்ட் என்று சொல்லும் இணைப்புக் கோரிக்கை இதுதான். தானியங்கிச் சோதனைகள் ஓடும். பராமரிப்பாளர் படித்துப் பார்த்து, “இந்த இடத்தில் இப்படி மாற்றுங்கள்” என்பார். மாற்றி அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று சுற்று நடப்பது சாதாரணம். நிராகரிப்பதும் உண்டு.

கல்லூரியில் கிடைக்காத படிப்பு இங்கேதான் இருக்கிறது. பரீட்சைத் தாளைத் திருத்துபவர் மார்க் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஏன் குறைந்தது என்று வரிக்கு வரி நம்மிடம் பேச மாட்டார். இங்கே முன்பின் தெரியாத அனுபவசாலி ஒருவர் நம் நிரலைப் படித்துக் காரணத்தோடு பதில் எழுதுகிறார். கல்லூரிப் பெயரையோ அப்பா பெயரையோ அவர் கேட்பதில்லை.

பெயர்ப் பட்டியலில் ஒரு பாடம்

எதைத் திருத்துவது என்று திகைப்பவர்களுக்கு, தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்கள் மட்டுமே சட்டென்று கண்டுபிடிக்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு.

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டாலும் மூன்று என்று சொல்லும். பைத்தான் மொழியில் நீளம் கேட்டால் ஐந்து என்று வரும். காரணம், யூனிகோட் முறையில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் வரிசையாக நிற்கின்றன. கணினி எண்ணுவது அவற்றை. நாம் எண்ணுவது எழுத்தை.

இன்னொன்று. சங்க உறுப்பினர் பட்டியலை அகர வரிசைப்படுத்த ஒரு மாணவர் நிரல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கமலா, கனகா என்று இரண்டு பெயர்கள். நம் வரிசையில் ம முன்னால், ன கடைசி மெய். ஆகவே கமலாதான் முதலில் வர வேண்டும். ஆனால் யூனிகோட் அட்டவணையில் ந-வுக்கு அடுத்த இடத்திலேயே ன நிற்கிறது, ம அதற்குப் பிறகு. சாதாரண வரிசைக் கட்டளை கனகாவை முன்னால் தள்ளிவிடும். தமிழ் தெரியாத பொறியாளருக்கு இது பிழையாகவே தோன்றாது. ஆனேக்கல் கல்லூரியில் படிக்கும் நம் பெண்ணுக்குப் பார்த்தவுடன் தெரியும், அல்லது அவள் அம்மாவுக்குத் தெரியும்.

இத்தகைய தேவைகளுக்காகவே ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் நிரல் தொகுப்பு எம்.ஐ.டி. உரிமத்தில் கிடைக்கிறது. தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கவும், நம் அகர முறைப்படி ஒப்பிடவும் அதில் வழி உண்டு. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான முத்து அண்ணாமலை, தமிழிலேயே நிரல் எழுத ‘எழில்’ என்ற மொழியையும் உருவாக்கியவர். முதல் பங்களிப்பைத் தேடும் மாணவர் இந்தத் தொகுப்பை நிறுவி, தன் வீட்டார் பெயர்களையெல்லாம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். எங்காவது தவறினால் பிழை அறிக்கை. தவறவில்லை என்றால், புரியாமல் கிடக்கும் ஒரு விளக்கக் குறிப்பைத் தெளிவாக எழுதித் தருவது. அதுவும் பங்களிப்பே.

தமிழ்நாட்டில் இதற்குத் துணைநிற்கும் அமைப்புகள் உள்ளன. 1998-ல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு, 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி தரும் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு ஆகியவை சில. கணியத்தின் கட்டுரைகள் தமிழிலேயே இருப்பதால் ஆங்கிலம் தடுமாறும் முதலாண்டு மாணவருக்கும் எட்டும். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதே கட்டற்ற உரிம முறையில் தன்னார்வலர்கள் வளர்த்ததுதான்.

நம் பிள்ளைகளில் பலர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. மென்பொருளின் பட்டன்களையும் அறிவிப்புகளையும் தமிழாக்கும் பணி இவர்களுக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். சொல்லை அப்பா சொல்லட்டும், பிள்ளை தட்டச்சு செய்யட்டும். கணினி தெரியாத அப்பாவுக்கும் தமிழ் எழுதத் தெரியாத மகனுக்கும் சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைப்பது சாதாரண விஷயமா?

குறுக்குவழி என்ற பள்ளம்

இனி எச்சரிக்கை. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற நிகழ்ச்சியை நடத்துகிறது. 2020-ல் நான்கு இணைப்புக் கோரிக்கை அனுப்பினால் ஒரு டி-சட்டை என்று இருந்தது. அந்த ஆண்டு, விளக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து, நீக்கி, ஆயிரக்கணக்கான பொய்த் திருத்தங்கள் உலகெங்கும் திட்டங்களின் மேல் வந்து குவிந்தன. இந்தியாவில் வெளியான ஒரு யூடியூப் காணொளி இதற்குப் பெரிய காரணமாகப் பேசப்பட்டது. சில நாட்களிலேயே விதியை மாற்றி, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்றாக்கினார்கள். 2024 தொடக்கத்தில் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற புகழ்பெற்ற திட்டத்துக்கும் இதே கதி. ஒரு காணொளிப் பாடத்தைப் பார்த்த மாணவர்கள், பயிற்சி என்று எண்ணித் தத்தம் பெயரை அதன் விளக்கக் கோப்பில் சேர்த்து அனுப்பித் தள்ளினார்கள்.

இதில் நட்டம் யாருக்கு? அந்தத் திட்டங்களைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளமில்லாமல், தங்கள் ஞாயிற்றுக்கிழமையில் உழைப்பவர்கள். நூறு குப்பையைத் தள்ளிவிட்டு ஒரு நல்ல திருத்தத்தைத் தேட அவர்களுக்கு நேரமில்லை. அடுத்த முறை இந்தியப் பெயர் ஒன்றைப் பார்த்ததும் ‘மறுபடியுமா?’ என்று ஒதுக்கினால், அக்கறையோடு உழைத்த நம் பிள்ளையின் வேலையும் அதோடு போகும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு இந்தத் தொல்லையைப் பெருக்கியிருக்கிறது. நிரலைப் படிக்காமலே கருவி எழுதித் தந்ததை அப்படியே அனுப்புகிறார்கள். ஜென்டூ லினக்ஸ் திட்டம் 2024-ல் அத்தகைய பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று தீர்மானித்தது. வேறு சில திட்டங்கள், பயன்படுத்தினால் சொல்லிவிடுங்கள் என்கின்றன. எனவே ஒவ்வொரு திட்டத்தின் பங்களிப்பு விதிகளையும் முதலில் படிக்க வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும், “இது ஏன்?” என்று கேட்டால் சொந்த வாயால் பதில் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அனுப்பக் கூடாது.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

“இதுல காசு வருமா?” தொடக்கத்தில் வராது. ஆனால் வழிகள் உண்டு. கூகுள் 2005-ல் தொடங்கிய ‘கூகுள் சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தில் தேர்வானவர்கள் ஒரு வழிகாட்டியின் கீழ் வேலை செய்து உதவித்தொகை பெறுகிறார்கள். 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சேரக் கட்டணம் எதுவும் இல்லை. “உங்க பையனை அதில் செலக்ட் பண்ணி வைக்கிறோம், இவ்வளவு கட்டுங்க” என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

“வேலைக்கு உதவுமா?” சான்றிதழ் போல நீட்ட முடியாது, ஆனால் கேட்பவருக்குக் காட்ட முடியும். ஒரு வருடம் ஒரே திட்டத்தில் பத்துத் திருத்தம் செய்தவர், பராமரிப்பாளரோடு எப்படிப் பேசினார், தவறு சுட்டப்பட்டபோது எப்படி ஏற்றார் என்பதெல்லாம் பொதுவெளியில் அவர் பெயரில் நிற்கும். கல்லூரிப் பெயர் கைகொடுக்காத இடத்தில் இந்தப் பதிவு கைகொடுக்க வாய்ப்புண்டு. அதே பதிவில் பொய்த் திருத்தங்கள் இருந்தால் அவையும் நிற்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

“வேலை கிடைத்த பிறகும் செய்யலாமா?” நியமனக் கடிதத்தைப் படித்துவிட்டுச் செய்ய வேண்டும். வேலையின் பகுதியாக எழுதும் நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதலாளிக்கே சொந்தம் என்பது நம் சட்டம். சொந்த நேரத்தில் எழுதுவதற்கும் கட்டுப்பாடு விதிக்கும் நிறுவனங்கள் உண்டு. கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

“படிப்பு கெடாதா?” வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் போதும். இரவெல்லாம் விழித்துச் செய்ய வேண்டிய அவசரம் எதுவும் இதில் இல்லை.

நாம் செய்யக்கூடியது

பிள்ளைகள் தனியே தொடங்கினால் முதல் நிராகரிப்பிலேயே மனம் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அப்படி ஆவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கத்தின் அறையைத் திறந்துவிட்டு இணைய வசதி செய்து கொடுத்தால் செலவு பெரிதாக ஆகாது. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் நம்மவர்களில் ஒருவர் அன்றைக்கு வந்து, இணைப்புக் கோரிக்கை அனுப்புவது எப்படி என்று கைபிடித்துக் காட்டலாம். பெரியவர்கள் தமிழ்ச் சொற்களைச் சரிபார்க்கலாம். முதல் வேலையாக, நம் உறுப்பினர் பட்டியலையே எடுத்துக்கொண்டு கமலாவைக் கனகாவுக்கு முன்னால் வைக்கும் சிறு நிரலை எழுதச் சொல்லலாம். அதற்கு ஓர் உரிமத்தைத் தேர்ந்து, திறந்த மூலமாகவே வெளியிட்டுவிட்டால், ஓசூரிலோ மும்பையிலோ இருக்கும் இன்னொரு தமிழ்ச் சங்கத்துக்கும் அது பயன்படும்.